பெரட்டுக்கு வந்த டேப்லெட்

கிராணியக்காவுக்கு விசைப்பலகையைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவருடைய வலது கை ஓரத்தில் இருக்கும் எண் விசைகளின் மேல் தானாகப் போய் அமர்ந்துவிடும். கண் மட்டும் எதிரே நிற்கிற ஆளின் முகத்தில் இருக்கும். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் சீட்டைப் படிப்பார். அக்கா அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பாதி மண்டோர்கள் கடகடவென்று படித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். "யாருலா ஒன்ன தொரத்துறாங்க? மெதுவா படி," என்பார் அக்கா.

மலேசியாவில் ரந்தாவ் பக்கம், கோலா சாவாவைத் தாண்டி உள்ளே போகிற, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் அது. அங்கிருந்த சின்ன ஆபீஸுக்கு கணக்கு எழுதுகிற கிராணி அவர் ஒருவர்தான். காலையில் யார் யார் வேலைக்கு வந்தார்கள், எந்தப் பக்கம் எத்தனை பழக்குலை வெட்டினார்கள், உரம் போட்டார்களா, மருந்து அடித்தார்களா எல்லாவற்றையும் மண்டோர்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். அது அவர் கை வழியாக மடிக்கணினிக்குள் போய், அங்கிருந்து அம்பாங்கானில் இருக்கும் எங்கள் பெரிய ஆபீஸுக்கு வரும். அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிராணியக்கா என்றால் சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் தெரியும், அது போதும்.

அவர் வாயில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "நீ பாத்தியா?"

நேற்று மேட்டுப் பக்கம் மழையாம், வேலை பாதியில் நின்றுவிட்டதாம் என்று ஒருவர் வந்து சொன்னால், "நீ பாத்தியா?" இன்னார் வீட்டுப் பெண் செனாவாங் தொழிற்சாலைக்காரனோடு போய்விட்டாளாம் என்று இன்னொருவர் கிசுகிசுத்தால், அதே முகம், அதே குரல், "நீ பாத்தியா?" பார்க்கவில்லை என்றால் அக்காவின் கை அசையாது. வம்பு பேச வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு மைலோவைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

கோவிலில்கூட அப்படித்தான். அவர்கள் வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்த ஒரு பெரியவர், தன் மச்சானுடைய முழங்கால் வலி ஜெபத்தில் பறந்துபோனதாகச் சொன்னாராம். முன் வரிசையில் இருந்த அக்கா, "நடந்து காட்டுனாரா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அக்கா வந்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் சாட்சி சொல்ல எழுந்தார்கள் என்று அவருடைய வீட்டுக்காரரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்த வீட்டுக்காரரும் பார்த்து எடுத்த ஆள்தான். மாப்பிள்ளை படம் வந்ததும் எல்லாரும் நல்ல குணம், குடிக்க மாட்டார் என்று சொன்னார்களாம். அக்கா பஸ் பிடித்து செனாவாங்குக்குப் போய், ஷிப்ட் முடிகிற நேரத்தில் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்த மாப்பிள்ளை, வாசலில் செயின் கழன்று நின்ற யாரோ ஒருவருடைய வண்டியைப் பார்த்ததும் இறங்கி, கையைக் கறுப்பாக்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தாராம். "அதப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்து சரின்னு சொல்லிட்டேன். குடிக்கிறாரான்னு தெரியாது, செயின் மாட்டுறாருன்னு தெரியும்ல," என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் டேப்லெட்டைக் கொண்டுபோனேன்.

அப்போது எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இப்போதும் குறைந்துவிடவில்லை. ஒரு பெட்டி நிறைய டேப்லெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய், இனிமேல் சீட்டே வேண்டாம், மண்டோர்கள் காட்டிலேயே பதிந்துவிடலாம் என்று பாடமாகப் படித்து வைத்ததை ஒப்பித்தேன். அக்கா ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"சிலேட்டு மாதிரி இக்கு. பட்டன் எங்க?"

திரையைத் தொட்டுக் காட்டினேன். விசைகள் கீழேயிருந்து எழும்பி வந்து பாதித் திரையை மூடிக்கொண்டன.

"கணக்கு எங்க போச்சு?"

"அடியில இருக்குக்கா. இது மூடியிருக்கு."

"அப்ப எதப் பாத்துத் தட்டுறது? கண்ண மூடிகிட்டு ஜெபம் பண்ற மாதிரியா?"

சரி, போட்டி வைத்துப் பார்க்கலாம் என்றேன். முதல் நாள் வந்த சீட்டுகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நான் டேப்லெட், அவர் மடிக்கணினி. அவர் தன் பங்கை முடித்து, எழுந்துபோய் மைலோ கலக்கிக் கொண்டுவந்து, பாதி குடித்தபோது நான் தவறாகத் தட்டிய எண்ணை அழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் விரலுக்கு எந்த மேடும் பள்ளமும் தட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "ஒன் வெரலுக்கு கண்ணு வேணும்லா. என் வெரலுக்கு வேணாம். என் கண்ணுக்கு வேற வேல இக்கு," என்றார் அக்கா. அந்த விஷயத்தில் அவர் சொன்னது முழுக்க சரி. மேசையில் உட்கார்ந்து எண்களை ஓட்டுகிற வேலைக்கு டேப்லெட்டைக் கொடுப்பதும், சமைக்கிறவருக்குக் கரண்டிக்குப் பதிலாக டீஸ்பூனைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

ஆனால் நானும் சும்மா விடவில்லை. "மழையில நனஞ்ச சீட்டுக்கு என்ன பண்றீங்கக்கா?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைக் காட்டினார். குறுக்கே ஒரு நைலான் கயிறு. அதில் துணிக்குப் போடும் கிளிப்பால் மாட்டிய சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மை பரவிய ஒரு சீட்டில் இருப்பது ஒன்றா ஏழா என்று எனக்குப் புரியவில்லை. "மண்டோரக் கூப்பிட்டுக் கேப்பேன்," என்றார். மண்டோருக்கு ஞாபகம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை, அக்காவுக்கே அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தோன்றியது.

இது வெறும் டேப்லெட்டா மடிக்கணினியா என்கிற விளையாட்டுச் சண்டை இல்லை. பாதித் தோட்டத்தில் டேப்லெட், மீதிப் பாதியில் பழையபடி சீட்டும் மடிக்கணினியும் என்று ஒரு சோதனை தொடங்க இருந்தது. டேப்லெட் சரிப்பட்டால் தோட்டத்து ஆபீஸை மூடிவிடுவது, கிராணி வேலை என்று ஒன்று இருக்காது, அக்கா நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எங்கள் மேனேஜர் தீர்மானித்திருந்தார். அதை ஒளிக்காமல் அக்காவிடமே சொல்லியும் விட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் செனாவாங்கில் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு வேலைக்குப் போக அதுதான் வசதி. அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. விடியுமுன் ஆட்கள் வரிசையாக வந்து நின்று பேர் கொடுக்கும் பெரட்டில் நிற்காமல் ஒரு நாளைத் தொடங்க அவருக்குத் தெரியாது. "யாரு வந்தா, யாரு வரல, யாருக்குக் காச்சல்னு தெரியாம நான் செனாவாங்குல உக்காந்து என்ன பண்ணப்போறேன்? டிவியில ஆள எண்ணிகிட்டு இருக்கவா? என்னைய இங்கேருந்து எவனும் தூக்க முடியாது," என்றார். பயந்த குரல் இல்லை அது. ஆனால் அன்றைக்கு அவர் மைலோவைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

டேப்லெட் பக்கத்துக்கு மண்டோராக இருந்தவர் சேகர். நல்ல வேலைக்காரர், முன்கோபி. சோதனை தொடங்குவதற்கு முந்தைய நாள், மேட்டு நிலத்திலிருந்து மழையில் நனைந்து, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு கடைசிச் சீட்டைக் கொண்டுவந்து படித்தார். குலைக் கணக்கு அந்த இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அக்கா வழக்கம்போல முகத்தைப் பார்த்தார்.

"நீ பாத்தியா, வெட்டுனவன் சொன்னத எழுதுனியா?"

சேகருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எல்லாரையும் கேக்கறீங்களே கிராணியக்கா, நீங்க பாத்தீங்களா? ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு, நான் எழுதித் தர்றதத்தான நீங்க தட்டுறீங்க? காட்டுக்குள்ள கால வச்சு எத்தன வருஷமாவுது?"

அக்கா அவரை உயிரோடு தின்றுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் வலது கை விசைகளின் மேல் அப்படியே நின்றிருந்தது. முதல் தடவையாக அவர் குனிந்து அந்த விசைகளைப் பார்த்தார். பிறகு கணக்கைத் தட்டி முடித்து, "போலா, போயி குளிச்சிட்டு சாப்புடு," என்றார்.

மறுநாள் நான் விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போனேன். பெரட்டில் சேகருடைய ஆட்களோடு அக்கா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரரின் தொழிற்சாலை பூட்ஸ், உள்ளே செய்தித்தாள் திணித்தது. தலையில் துண்டு. கையில் குடை. என்னைப் பார்த்ததும், "அந்தச் சிலேட்டக் குடு," என்று கையை நீட்டினார்.

ஒரு வாரம் அவர் சேகரோடு காட்டில் நடந்தார். ஆபீஸ் வேலையை மாலையில் வந்து முடித்தார். தினமும் எனக்குப் போன் வரும், அதில் பாதி திட்டு. வெயிலில் திரை கறுப்பாகத் தெரிகிறது, தனக்குப் பிடிக்க வேண்டிய குடையைச் சிலேட்டுக்குப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விரல் வியர்த்தால் அதற்குத் தெரிய மாட்டேன் என்கிறது. பள்ளத்தில் லைன் கிடைப்பதில்லை, தட்டியதெல்லாம் போய்விட்டது என்று ஒரு நாள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். ஆபீஸ் பக்கம் வந்ததும் எல்லாம் தானாக ஏறிவிட்டதைப் பார்த்த பிறகு, "ம், வந்துருச்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இன்னொரு நாள் மழைத் துளிகள் திரையில் விழுந்து குலைக் கணக்கை அவையே ஏற்றிவிட்டன. "மழையெல்லாம் வேல செய்யுதுலா. அதுக்கும் ஒரு பேரு போட்டு சம்பளத்துல சேத்துக்கோ," என்றார்.

திட்டுகளுக்கு நடுவே வேறொன்றும் வரத் தொடங்கியது. வெட்டுகிறவர் நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் இழுக்கிறார், குலை தொப்பென்று விழுகிறது, அக்கா பார்க்கிறார், தட்டுகிறார். காய் பழுக்கவில்லை என்றால் அங்கேயே படம் எடுக்கிறார். சீட்டு இல்லை, கயிறு இல்லை, ஒன்றா ஏழா என்கிற கேள்வியே இல்லை. மாலையில் ஆபீஸுக்கு வந்து அதே கணக்கை மடிக்கணினியில் அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, எங்கே ஏதாவது கோணலாக இருக்கிறதா என்று மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பார். அது சின்னத் திரையில் நடக்கிற காரியம் இல்லை. வார முடிவில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எண்ணுற எடத்துல சிலேட்டு, திருத்துற எடத்துல லேப்டாப்பு. நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லாத."

இன்றைக்கு செரம்பானில் கடைக்காரர்களும் கிடங்குக்காரர்களும் டேப்லெட் வாங்குவதா மடிக்கணினி வாங்குவதா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். இதையே என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிடுகிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள்.

அக்கா காட்டில் நடந்ததற்கு அடுத்த வாரம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அக்கா டேப்லெட்டை சேகரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்கு வந்திருந்தார். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய திருவிழாவன்று ஒருவரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள், அதற்குப் பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறங்குவார்கள். இது எழுதி வைத்த விடுமுறை இல்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அம்பாங்கான் ஆபீஸின் நாள்காட்டிக்குத் தெரியாது.

டேப்லெட்டில் மென்பொருள்காரர்கள் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதைத் தொட்டால் முதல் நாள் பதிந்தது எல்லாம் அப்படியே இன்றைக்கும் நிரம்பிவிடும். பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டுவதற்குச் சோம்பல்பட்ட சேகர், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுவிட்டு, பிறகு காட்டுக்குப் போய் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்வார். திருவிழாவன்று அவருக்குக் காவடி. விடியுமுன் எழுந்தார், பழக்க தோஷத்தில் பொத்தானைத் தொட்டார், டேப்லெட்டை அலமாரி மேல் வைத்தார், குளித்து மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

அதே நேரத்தில் கிராணியக்கா பெரட்டு நடக்கும் இடத்தில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆள் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் போய் நின்று பார்த்துவிட்டு, ஆபீஸைத் திறந்து, தன் பங்குத் தோட்டத்துக்கு எல்லா இடத்திலும் சுழியம் போட்டார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கோவில் பந்திக்குப் போய், தோட்டத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டார். சேகர் காவடியோடு ஆடி வந்தபோது அவருக்கு வழிவிட்டு நின்று, காலில் தண்ணீரும் ஊற்றினாராம்.

இரண்டு நாள் கழித்து அம்பாங்கானில் மேனேஜர் கணக்கைப் பார்த்தார். தோட்டத்தின் ஒரு பாதியில் ஈ காக்கை இல்லை. இன்னொரு பாதியில் எல்லாரும் வந்து, மேட்டு நிலம் முழுக்கக் குலை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் லாரியில் ஒரு குலைகூட ஏறவில்லை. அக்கா, சேகர், நான் என்று மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அக்கா சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார். சேகர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவருக்கு வேலை போய்விடும் என்று நானும் நினைத்தேன்.

மேனேஜர் டேப்லெட்டை மேசை நடுவில் தள்ளினார். "இது வேணாம். இந்த விளையாட்டு போதும். கிராணி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. பழையபடி லேப்டாப்பே ஓடட்டும். சேகர், நீங்க கொஞ்சம் இருங்க."

அவ்வளவுதான். அக்கா எழுந்து போயிருக்கலாம். ஆபீஸ் இருக்கும், வீடு இருக்கும், பெரட்டு இருக்கும். நான் மேசைக்குக் கீழே அவர் காலை லேசாக மிதித்தேன். எழுந்திருங்கள் என்று அர்த்தம்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், திருவிழா அன்னிக்கு பெரட்டுல யாரும் வரல. அது நான் பாத்தது. அதுக்கு முந்தின வாரம் பூரா இந்த டேப்லெட்டோட நான் காட்டுல நடந்தேன். கொல விழுந்த எடத்துலயே எண்ணித் தட்டுனோம். சீட்டுல வர்றதவிட அது சரியா இருந்துச்சு. அதுவும் நான் பாத்தது. நேத்துக் கணக்க அப்படியே இன்னிக்கும் நெரப்புற அந்தப் பட்டன மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. டேப்லெட்டு மேலயும் சேகரு மேலயும் கோவப்படாதீங்க."

"லேப்டாப்புல இப்படி நடந்ததே இல்லையே," என்றார் மேனேஜர்.

"நடந்ததான்னு யாருக்குத் தெரியும் சார்? இத்தன வருஷமா நான் தட்டுனது எதுவும் நான் பாத்ததில்ல. அவங்க சொன்னது. வேகமா தட்டுனேன், அவ்ளோதான்."

சேகர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறவர்.

"புரிஞ்சுதான் பேசறீங்களா? டேப்லெட்டு சரியா இருக்குன்னா, எனக்கு அங்க கிராணி வேணாம்."

இந்த மனுஷி தன் வேலையைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

"கிராணி வேணாம்தான் சார்," என்றார் அக்கா. "ஆனா மண்டோரு தட்டுறத கூடப் போயிப் பாக்க ஆளு வேணும். தெனமும் ஒரு பக்கம், சொல்லாம போயி நிக்கணும். சாயங்காலம் வந்து லேப்டாப்புல போட்டுத் திருத்தணும். கண்டக்டரு வேல அது. உங்ககிட்ட அந்த எடம் ரொம்ப நாளா காலியா இக்கு. அதுக்கு நான் இக்கேன்."

மண்டோர்களுக்கு மேலே நின்று காட்டு வேலையைப் பார்க்கிற பதவிக்குத் தோட்டத்தில் கண்டக்டர் என்று பெயர். எங்கள் கம்பெனியில் அதுவரை ஒரு பெண் அந்த இடத்தில் இருந்ததில்லை. மேனேஜர் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். மேடு பள்ளம், பாம்பு, வெயில், வயது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். அக்கா மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் மேசை நடுவில் கிடந்த டேப்லெட்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பை ஜிப் மூடவில்லை, ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வாலா சேகரு, நேரமாவுது. நாளைக்குக் கீழ் பக்கம் வெட்டு," என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். சேகர் மேனேஜரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு அக்காவுக்குப் பின்னால் போனார்.

அறையில் நானும் மேனேஜரும் மட்டும் இருந்தோம். அவர் மூடிய கதவைக் காட்டிக் கேட்டார்.

"போயிட்டாங்களா?"

"படி இறங்குறாங்க சார்."

"கண்டக்டர்னு போட்டு இப்பவே ஒரு லெட்டர் அடிச்சிரும்மா. திரும்பி மேல ஏறி வந்தாங்கன்னா என் வேலைய கேட்டாலும் கேப்பாங்க."

அடித்துக் கொடுத்தேன். மடிக்கணினியில்தான்.